ஆறக் கூடாத காயம்

அந்தக் கடைத்தெருவில் அவருக்கு வெந்நீர் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது ஆஸ்பத்திரிச் சீட்டில் பத்திரமாக இருந்தது. மற்றபடி, எந்நேரமும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் மாதிரி அலைகிற மனிதரை வேறு என்ன சொல்லிக் கூப்பிடுவது? கண்ணாடிக் கடை முதலாளி விளையாட்டாக ஆரம்பித்துவைத்தார். பிறகு தெருவே அப்படிக் கூப்பிட்டது. அவரும் அந்தப் பெயருக்கே திரும்பிப் பார்த்தார்.

சாப்பிடும்போது நின்றுகொண்டு சாப்பிடுவார். பல் தேய்க்கும்போது மாடிப்படி ஏறி இறங்குவார். பேருந்துக்குக் காத்திருக்கச் சொன்னால் அடுத்த நிறுத்தம் வரை நடந்துபோய் அங்கே ஏறுவார். அதற்குள் பேருந்து போய்விட்டால் அதற்கும் அடுத்த நிறுத்தம். இப்படிப்பட்ட ஆளைக் கண்ணாடி வெட்டும் வேலையில் சேர்த்தவருக்கு எவ்வளவு தைரியம் இருந்திருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். ஆனால் அதிலும் ஒரு விஷயம் இருந்தது. பழைய கம்பளம் விரித்த மேஜையில் கண்ணாடியைக் கிடத்தி, கட்டரின் சின்னச் சக்கரத்தை மண்ணெண்ணெயில் நனைத்து, அளவுகோலை ஒட்டி ஒரே இழுப்பாக ஒரு கோடு போடும் நேரம் மட்டும் வெந்நீரின் உடம்பில் ஒரு ரோமம்கூட அசையாது. கோடு முடிந்து கண்ணாடி ‘டக்’ என்று இரண்டாகப் பிரிந்ததும் மறுபடி பழைய ஆள்.

வேலைக்குச் சேர்ந்த அன்றே முதலாளி அவருக்கு ஒரே ஒரு பாடம்தான் சொன்னார். போட்ட கோட்டின் மேல் மறுபடி கட்டரை ஓட்டக் கூடாது. ஓட்டினால் கண்ணாடி நம் பேச்சைக் கேட்காது, அதன் இஷ்டத்துக்கு உடையும். வெந்நீர் அதை மீறியதே இல்லை. கண்ணாடி விஷயத்தில், அதாவது.

கல்யாணமும் கண்ணாடியால்தான் வந்தது. எதிர்ச் சாரியில் துணிகளைப் பிரித்து, சுருக்கி, அளவு மாற்றித் தைத்துக் கொடுக்கும் கடை ஒன்று இருந்தது. உடை மாற்றிப் பார்க்கும் அறைக்கு ஆளுயரக் கண்ணாடி மாட்ட வேண்டும் என்றார்கள். வெந்நீர் அளவெடுக்கப் போனார். மறுநாளும் போனார். அளவு சரிதானா என்று பார்க்க அதற்கடுத்த நாளும் போனார். தையல் இயந்திரத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெண் தலையே நிமிராமல், சுவர் வளர்கிற சாதியா என்று தன் பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டாள். அவள்தான் மனைவியாக வந்தாள். கண்ணாடியை மட்டும் அவர் கோணலாக மாட்டியிருந்தார்; கண் வேறு பக்கம் போய்விட்டதாம். குழந்தை இல்லை. இருவரும் அதைப் பற்றி ஒரு காலத்தில் நிறையப் பேசினார்கள், பிறகு பேசவில்லை. அவருக்கு அவள், அவளுக்கு அவர் என்று ஆகிப்போனது.

ஐம்பதைத் தாண்டிய பிறகு வெந்நீருக்குக் குடலில் கட்டி வந்தது. அந்தத் துண்டை வெட்டி எடுத்தார்கள். அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் ஈரலில் இரண்டு புள்ளிகள் தெரிகின்றன என்றார்கள்.

டாக்டர் அமைதியாகப் பேசும் பெண்மணி. வயிற்றுத் தழும்பு முழுசாக ஆறும்வரை காத்திருந்துவிட்டு, கீமோ மருந்தோடு இன்னொரு மருந்தும் சேர்த்து ஏற்றப் போவதாகச் சொன்னார். அது எதற்கு என்று வெந்நீர் நின்றுகொண்டே கேட்டார்.

“கட்டி வளர ரத்தம் வேணும். அதனால பக்கத்துல இருக்கிற ரத்தக்குழாய்களுக்கு அது ஒரு சேதி அனுப்பும். என் பக்கம் புதுசா ஒரு கிளை விடுன்னு. இந்த மருந்து அந்தச் சேதியை வழியிலேயே பிடிச்சு வச்சுக்கும். புதுக் குழாய் முளைக்காது.”

“அப்போ கட்டி பட்டினி கிடக்குமா?” என்று மனைவி கேட்டாள்.

“முழுப் பட்டினின்னு சொல்ல மாட்டேன். அரை வயித்துக்குக் கிடைக்கும். அதனால வளர்றது மெதுவாகும். சில பேருக்கு நின்னே போகும்.”

பிறகு எச்சரிக்கைகளைச் சொன்னார். ரத்த அழுத்தம் ஏறலாம், மூக்கில் ரத்தம் வரலாம். காயம் ஆறவும் புதுக் குழாய்கள் வேண்டுமென்பதால் காயம் பட்டால் ஆற நாளாகும். கண்ணாடி வேலை என்று தெரிந்ததும் டாக்டரின் முகம் மாறியது. கண்ணாடியைத் தொடவே வேண்டாம், மீறிக் கீறல் பட்டால் மறைக்காமல் வந்து சொல்ல வேண்டும், காயம் பெரிதாக இருந்தால் இந்த மருந்தை நிறுத்திவைக்க நேரிடும் என்றார். வெந்நீர் தலையை ஆட்டினார். எல்லாரும் டாக்டர் முன்னால் ஆட்டுகிற அதே தலையாட்டல்தான்.

முதலாளி நல்ல மனிதர். இனி நீ மேஜைப் பக்கம் வராதே, போனை எடுத்துப் பேசு, அளவுகளைக் கேட்டுச் சொல்லு என்று கடை வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டுக் கொடுத்தார். நாற்காலியாம், வெந்நீருக்கு! போனைக் காதில் வைத்தால் பேசிக்கொண்டே நடந்து அடுத்த தெருவுக்குப் போய்விடுவார். கடைக்கு வந்தவர்கள் காலி நாற்காலியைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

அப்படி ஒரு நாள் ஒரு அம்மாள் கைக்கண்ணாடிச் சட்டத்துக்குப் புதுக் கண்ணாடித் துண்டு போட வந்தார். சின்ன வேலை. உள்ளே வெட்டுகிறவர்கள் யாரும் இல்லை. வெந்நீருக்குக் கை ஊறியது. கோடு சரியாகத்தான் விழுந்தது. பிரித்த துண்டை ஓரமாக வைக்கும்போதுதான் அது இடது கைக் கட்டைவிரலின் அடிச்சதையில் ஏறிவிட்டது. பெரிய வெட்டெல்லாம் இல்லை. இதைவிட மோசமானதையெல்லாம் வாயில் வைத்துச் சப்பிவிட்டு வேலையைப் பார்த்தவர் அவர்.

ஆனால் இந்தக் காயம் மூடவில்லை. ஒரு வாரம் போயிற்று, இன்னொரு வாரமும் போயிற்று. கட்டைப் பிரித்தால் நேற்றுப் பட்டது போலச் சிவப்பாக வாயைத் திறந்துகொண்டிருந்தது. மனைவி விடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று பிடுங்கி எடுத்தாள்.

வெந்நீர் கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்தார். நடந்துகொண்டே இருந்தவர் சட்டென்று நின்றார். நிற்காத மனிதர் நின்றதும் அவள் பயந்தே போனாள்.

“இங்க பாரு. புதுக் குழாய் முளைக்க விடாதுன்னுதானே சொன்னாங்க? கையில முளைக்கல. அப்போ ஈரல்லயும் முளைக்கலன்னுதானே அர்த்தம்? மருந்துக்கு விலாசமா தெரியும்? கைக்கு ஒரு நியாயம், கட்டிக்கு ஒரு நியாயமா?”

அவள் காயத்தைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். சந்தோஷ அழுகைதான். உலகத்தில் புண் ஆறவில்லையே என்று அழுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஆறவில்லை என்று சந்தோஷத்தில் அழுத பெண் அவள் ஒருத்திதான் இருப்பாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் காலை இப்படித்தான் விடிந்தது. எழுந்ததும் ஜன்னல் பக்கம் போவார்கள். அவள் கட்டைப் பிரிப்பாள். அவர் முகத்தை வெளியே திருப்பிக்கொண்டு, திறந்திருக்கா என்று கேட்பார். திறந்துதான் இருக்கு என்பாள். அதற்குப் பிறகுதான் தேநீருக்கே தண்ணீர் வைப்பாள். மனைவியின் தம்பி ஒருவன் சரக்கு வேன் ஓட்டுகிறவன். மருந்து ஏற்றிக்கொள்ளும் நாட்களில் அவன்தான் இருவரையும் ஏற்றிப்போவான். அவனுக்கும் விஷயம் தெரியும். ஏறி உட்கார்ந்ததும், “மீட்டர் என்ன சொல்லுது மாமா?” என்பான். ஓடுதுடா மச்சான், நல்லா ஓடுது என்று இவரும் கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டுவார்.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும் அந்தக் கை கால்சட்டைப் பைக்குள் போய்விடும். மருந்து ஏற்றும் அறையில் ஒரு நர்ஸ் இருந்தார். ரத்த அழுத்தம் பார்ப்பார், சிறுநீரைச் சோதனைக்கு வாங்குவார், மூக்கில் ரத்தம் வந்ததா என்பார், கடைசியில் காயம் ஏதாவது பட்டதா என்று கேட்பார். இல்லை என்று சொல்லிவிட்டு வெந்நீர் வலது கையை நீட்டுவார். ஊசி ஏறியதும் மருந்துப் பை தொங்கும் கம்பியை உருட்டிக்கொண்டு அறையைச் சுற்றிச் சுற்றி வருவார். ஒரு கை கால்சட்டைப் பைக்குள், ஒரு கை கம்பியில். இது ஆஸ்பத்திரியா, பூங்காவா என்று நர்ஸ் திட்டுவார். காயத்தைக் காட்டினால் மருந்தை நிறுத்துவார்கள் என்ற பயம் அவருக்கு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. ஆனாலும் அந்த அறையில் எத்தனையோ நோயாளிகள், எத்தனையோ பைகள். ஒருவர் பைக்குள் கைவிட்டிருப்பதை யார் கவனிப்பார்கள்?

நிலைமை எப்படி இருக்கிறதென்று பார்க்க ஸ்கேன் எடுத்தார்கள். முடிவை அடுத்த முறை வரும்போது டாக்டர் சொல்வார் என்றார்கள். அந்த இடைப்பட்ட நாட்களில்தான் சனி பிடித்தது.

ஒரு காலையில் கட்டைப் பிரித்த மனைவி வழக்கமான பதிலைச் சொல்லவில்லை. கொஞ்சம் சின்னதாயிருக்கிற மாதிரி இருக்கு என்றாள். வெந்நீர் திரும்பிப் பார்த்தார். காயத்தின் இரண்டு முனைகளிலும் வெங்காயத் தோல் மாதிரி மெல்லிய புதுத் தோல் படர்ந்திருந்தது. வெளிச்சம் சரியில்லை என்றார். மறுநாள் வெளிச்சம் நன்றாகவே இருந்தது. தோல் இன்னும் கொஞ்சம் உள்ளே வந்திருந்தது.

அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கையில் முளைத்துவிட்டது. அப்படியானால் அங்கேயும் முளைத்துவிட்டது. சேதி போய்ச் சேர்ந்துவிட்டது, கிளை விட்டாயிற்று, கட்டி வயிறு நிறையச் சாப்பிடுகிறது. மற்ற நாட்களில் கால்தான் அலையும். இப்போது உள்ளுக்குள் எல்லாமே அலைந்தது. பாதிச் சாப்பாட்டில் எழுந்து கையை ஜன்னலில் காட்டிப் பார்த்தார். கடை ஷட்டருக்குப் பின்னால் போய்க் கட்டை அவிழ்த்துப் பார்த்தார். மனைவி தைக்கும்போது நூலை மாற்றிக் கோத்துவிட்டு, இத்தனை வருஷத்தில் முதன்முறையாக ஒரு சட்டையை மேல்கீழாகத் தைத்துவைத்தாள். அதைப் பிரித்துக்கொண்டே அவள் அவர் கைக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்ததைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். வெந்நீருக்கு எங்கே தெரியப்போகிறது! மதியம் முதலாளி சாப்பிடப் போயிருந்த நேரம். மேஜைக்கு அடியில் வெட்டி மிஞ்சிய துண்டுகள் போடும் பெட்டி இருந்தது. அதிலிருந்து ஒரு சில்லை எடுத்தார். ஒரு சோதனைதான், இன்னொரு தடவை பார்த்துவிடலாம், மருந்து உயிரோடிருந்தால் இதுவும் திறந்தே இருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். வீட்டில் அவள் முகமும் கொஞ்சம் தெளியும். கை ஆடவில்லை. பழைய கோட்டின் மேலேயே, ஒரே இழுப்பு.

மறுநாள் காலை அவள் கட்டைப் பிரித்தாள். வெகு நேரம் பார்த்தாள். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். திறந்திருக்கா என்று அன்று அவர் கேட்கவில்லை.

“திறந்துதான் இருக்கு” என்றாள் அவள்.

அது மறுபடி மூடப் பார்த்தபோது மறுபடியும் கீறினார். கண்ணாடிக்குச் செய்யத் துணியாததைக் கைக்குச் செய்தார், முட்டாள் மனிதர். கண்ணாடி அதன் இஷ்டத்துக்கு உடையும் என்றால் கை மட்டும் சும்மா இருக்குமா? கட்டைவிரல் வீங்கியது. மணிக்கட்டு வரை சிவந்து, தொட்டால் கொதித்தது. ஒரு நாள் காலையில் காய்ச்சலில் பல் கிட்டித்துப்போய்ப் படுக்கையில் கிடந்தார். நடக்காமல் கிடந்தார் என்பதே போதும், நிலைமையைப் புரிந்துகொள்ள. மச்சான் வேனை எடுத்துக்கொண்டு பறந்து வந்தான். வழியெல்லாம் அவன் மீட்டரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

டாக்டர் கட்டை அவிழ்த்துப் பார்த்தார். நர்ஸ் பக்கத்திலேயே நின்றார். எப்போது பட்டது என்று டாக்டர் கேட்டார். மறைக்க இனி பை ஏது? வெந்நீர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், மருந்துக்கு விலாசம் தெரியாது என்ற தன் கண்டுபிடிப்பு உட்பட. தானே கீறிக்கொண்டதைச் சொன்னபோது மட்டும் மனைவியின் பக்கம் பார்க்கவில்லை.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கணினித் திரையைத் திருப்பி ஈரலின் படத்தைக் காட்டினார்.

“இது போன தடவை எடுத்தது. இது இப்போ எடுத்தது. பாருங்க, கட்டி அப்படியே இருக்கு. வளரல. மருந்து நல்லா வேலை செஞ்சிருக்கு.”

“ஆனா காயம் மூடிச்சே டாக்டர்.”

“மெதுவா ஆறும்னு சொன்னேன். ஆறவே ஆறாதுன்னு சொல்லலயே. சின்னக் காயத்தை உடம்பு எப்படியாவது பழைய குழாயை வச்சு ஒப்பேத்தி மூடிடும். காயம் மூடிச்சுன்னா மருந்து தோத்துச்சுன்னு அர்த்தமில்ல.” வீங்கிய கையைக் காட்டினார். “இப்ப இந்தக் கை ஆறுற வரைக்கும் என்னால அந்த மருந்தைப் போட முடியாது. போட்டா கையே போயிடும், உயிருக்கும் ஆபத்து.”

வெந்நீர் எழுந்து நின்றார். கை போனால் போகட்டும், இடது கைதானே, மருந்தைப் போடுங்கள் என்று கெஞ்சினார். அதற்குள் கட்டி வளர்ந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டார். வளரலாம், வளராமலும் இருக்கலாம் என்றார் டாக்டர். வேலை செய்துகொண்டிருந்த மருந்து. தன் கையாலேயே நிறுத்தியாயிற்று. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

வார்டில் படுக்க வைத்து, கையைத் தலையணைகளின் மேல் உயர்த்தி வைத்துக் கட்டினார்கள். அசையக் கூடாது என்றார்கள். வெந்நீரால் நடக்க முடியவில்லை. படுக்கையின் கால்மாட்டில் இரண்டு பாதங்களும் போர்வைக்குள் நடந்துகொண்டிருந்தன. மனைவி பக்கத்து ஸ்டூலில் இருந்தாள். உன்னை ஏமாற்றிவிட்டேன் என்றார் அவர்.

“நான் ஒண்ணும் ஏமாறல” என்றாள் அவள்.

அவர் தலையைத் திருப்பினார்.

“துணி தானா கிழிஞ்சதா, கத்திரி பட்டதான்னு ஓரத்தைப் பாத்தா எனக்குத் தெரியாதா? தினம் அதைத்தானே பாக்கிறேன். முதல் நாளே தெரிஞ்சுது, நீங்களே வெட்டிக்கிட்டதுன்னு. கேக்கணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. கேட்டா நீங்க நிறுத்திடுவீங்க. நிறுத்தினா அது மூடிடும். மூடிட்டா...” மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “வெட்டினது நீங்க. பாத்துட்டு, திறந்துதான் இருக்குன்னு சொன்னது நான்தானே?”

வெந்நீரின் பாதங்கள் நின்றன. நல்ல கையை நீட்டினார். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் சேர்ந்துதான் செய்தோம் என்பதில் ஆறுதலும் இருந்தது, அதைவிடப் பெரிய பயமும் இருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகும் அதே ஜன்னல், அதே கட்டுப் பிரித்தல். கேள்விதான் தலைகீழாகிவிட்டது. மூடுதா என்று அவர் கேட்பார். உள்ளே மிச்சமிருந்த மருந்து லேசில் விடவில்லை. காயம் ஆமை மாதிரி நகர்ந்தது. முன்பு பார்த்துப் பதறிய அதே மெல்லிய தோலை இப்போது இருவரும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார்கள். தோல் கொஞ்சம் வளர்ந்த நாளில் சிரிப்பார்கள். சிரித்த மறு நிமிடமே, உள்ளே அதுவும் வளருமோ என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் தோன்றும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் எழுந்து போவார்கள்.

கடைசியில் மூடியது. டாக்டர் விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, இனி ஏற்றலாம் என்றார். இடையில் விட்டுப்போன நாட்களில் கட்டி என்ன செய்தது என்பதை அடுத்த ஸ்கேன்தான் சொல்லும்.

மருந்து ஏற்றும் அறையில் நர்ஸ் வழக்கமான கேள்விகளைக் கேட்டார். காயம் ஏதாவது என்று ஆரம்பிக்கும்போதே வெந்நீர் இரண்டு கைகளையும் மேஜை மேல் மல்லாத்தி வைத்தார். நர்ஸ் தழும்பைத் தடவிப் பார்த்துவிட்டுப் பையைத் தொங்கவிட்டார். சொட்டு விழத் தொடங்கியது. வெந்நீர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். கம்பியை உருட்டவில்லை. எழுந்திருக்கவில்லை. ஒவ்வொரு சொட்டும் விழுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

வெளியே தாழ்வாரத்தில் அவர் மனைவி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கும், அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்குமாக நடந்துகொண்டிருந்தாள். நர்ஸ் கதவைத் திறந்து, உட்காருங்கம்மா, நேரமாகும் என்றார். சரி என்று தலையை ஆட்டிவிட்டு அவள் தொடர்ந்து நடந்தாள்.